அரை லோடுக்கு அரை லாஸ் இல்ல சார்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன வாரம் மாணவர் பக்கத்துல சிங்கிள் ஃபேஸ் ட்ரான்ஸ்ஃபார்மர் கணக்கு ஒண்ணு விடையோட போட்டிருந்தீங்க. தமிழ்ல இந்த மாதிரி கணக்கு போடறவங்க கம்மி, அதனால பார்த்ததுமே சந்தோஷமா உட்கார்ந்து படிச்சேன். முதல் விடை சரி. ரெண்டாவது விடைக்கு வந்தப்ப பேப்பர் ஓரத்துலயே பேனாவால கிறுக்க ஆரம்பிச்சுட்டேன், ஏன்னா நான் மெஷின்ஸ் லேப்ல டெமான்ஸ்ட்ரேட்டரா இருந்து ரிட்டயர் ஆனவன், இதே தப்பை எத்தனை ரெக்கார்டு நோட்டுல சிவப்பு மையால சுழிச்சிருக்கேன்னு எனக்கே கணக்கில்ல.

கணக்கை படிக்காதவங்களுக்காக திரும்ப சொல்லிடறேன். 10 கேவிஏ (கிலோ வோல்ட் ஆம்பியர்), 2500/250 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் ட்ரான்ஸ்ஃபார்மர். ஓப்பன் சர்க்யூட் டெஸ்ட், அதாவது எதிர் பக்கத்தை திறந்து விட்டு அளக்கறது, எல்வி (குறைஞ்ச வோல்டேஜ்) பக்கம், 250 வோல்ட், 0.8 ஆம்பியர், 80 வாட். ஷார்ட் சர்க்யூட் டெஸ்ட், அதாவது எதிர் பக்கத்தை ஷார்ட் பண்ணி அளக்கறது, ஹெச்வி (உயர் வோல்டேஜ்) பக்கம், 100 வோல்ட், 4 ஆம்பியர், 180 வாட். பவர் ஃபேக்டர் (விஏ-ல எத்தனை பங்கு நிஜ வாட்டுங்கற விகிதம்) 0.8 லேகிங்ல (கரண்ட் வோல்டேஜுக்கு பின்னால வர்றது) ஃபுல் லோடுக்கும் அரை லோடுக்கும் எஃபிஷியன்சி என்னன்னு கேள்வி. ஃபுல் லோடுல 10 கேவிஏ-வை 0.8-ஆல பெருக்கினா அவுட்புட் 8000 வாட், லாஸ் 80-ம் 180-ம் சேர்த்து 260, ஆக 8000-ஐ 8260-ஆல வகுத்தா 96.85 சதவீதம். இதுவரைக்கும் ஒரு குறையும் இல்ல. அரை லோடுக்கு உங்க ஆளு என்ன பண்ணிட்டாருன்னா அவுட்புட் பாதி, அதனால லாஸும் பாதின்னு 130 வாட் எடுத்து 4000-ஐ 4130-ஆல வகுத்துட்டாரு. விடை அதே 96.85. ரெண்டு வேற வேற லோடுக்கு ரெண்டு தசமம் வரைக்கும் ஒரே விடை வருதேன்னு அங்கேயே ஒரு சந்தேகம் தட்டியிருக்கணும். மேலேயும் பாதி கீழேயும் பாதின்னா பின்னம் எப்படி சார் மாறும், அப்புறம் அரை லோடு எதுக்கு, கால் லோடு எதுக்கு, எல்லாத்துக்கும் ஒரே நம்பரை எழுதிட்டு போயிடலாமே.

நடக்கறது வேற. அந்த 80 வாட் கோர்ல போற அயர்ன் லாஸ், அது லோடை பார்த்து மாறாது, அப்படியே 80. அந்த 180 வாட் வைண்டிங்ல போற காப்பர் லாஸ், அது கரண்ட்டோட ஸ்கொயருக்கு ஏத்த மாதிரி மாறும், கரண்ட் பாதியானா லாஸ் பாதி ஆகாது, கால் பங்கு ஆகும், 45 வாட். ஆக மொத்தம் 125. 4000-ஐ 4125-ஆல வகுத்தா 96.97.

இப்ப நீங்க கேட்கலாம், 96.85-க்கும் 96.97-க்கும் என்னய்யா பெரிய வித்தியாசம், வெறும் 5 வாட்டுக்காகவா இவ்வளவு நீள லெட்டர்னு. அதான் சார் விஷயமே. ஒரு பக்கம் அயர்ன் லாஸை பாதியாக்கி 40 வாட்டை முழுங்கிட்டாரு, இன்னொரு பக்கம் காப்பர் லாஸை காலாக்காம பாதியாக்கி 45 வாட்டை கூட சேர்த்துட்டாரு, ரெண்டு தப்பும் ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கிட்டு விடை கிட்டத்தட்ட சரியா வந்து நிக்குது. இந்த மாதிரி தப்புதான் ஆபத்து, யார் கண்ணுலயும் படாது. அதே கணக்கை பத்துல ஒரு பங்கு லோடுக்கு போட்டு பாருங்க. உங்க முறைப்படி லாஸ் 26 வாட், எஃபிஷியன்சி அதே 96.85. உண்மையில அயர்ன் 80, காப்பர் 1.8, மொத்தம் 81.8 வாட், அவுட்புட் 800-தான், எஃபிஷியன்சி 90.7-க்கு இறங்கிடுது. லாஸ்ல மூணு மடங்குக்கு மேல தப்பு. இன்னும் கீழ போய் நூத்துல ஒரு பங்கு லோடுன்னு வைங்க, அவுட்புட் 80 வாட், லாஸும் 80 வாட், எஃபிஷியன்சி 50 சதவீதம், அதாவது உள்ள போறதுல பாதி கோரை சூடு பண்ணவே போகுது. லோடே இல்லன்னா உங்க கணக்குல லாஸ் பூஜ்யம், நிஜத்துல அப்பவும் அதே 80.

இந்த 80 ஏன் அசையறதில்லங்கறதை ரெண்டு வரியில சொல்லிடறேன், ஏன்னா பசங்க இதை மனப்பாடம் பண்றாங்களே தவிர யோசிக்கறதில்ல. கோர்ல எவ்வளவு ஃப்ளக்ஸ் (காந்தப்பாய்வு) ஓடணும்னு முடிவு பண்றது வோல்டேஜும் ஃப்ரீக்வென்சியும் சுத்துக்களோட எண்ணிக்கையும்தான், 4.44-ஐ ஃப்ரீக்வென்சி, சுத்து, ஃப்ளக்ஸ் மூணாலயும் பெருக்கினா வோல்டேஜுங்கற அந்த 4.44 ஃபார்முலா அதைத்தான் சொல்லுது. இதுல லோடு கரண்ட்டுங்கற பேச்சே கிடையாது பாருங்க. செகண்டரில லோடு ஏத்தினா அந்த கரண்ட் ஃப்ளக்ஸை குறைக்கப் பார்க்கும், உடனே பிரைமரி அதுக்கு சமமா கூடுதல் கரண்ட் இழுத்து அதை ஈடு கட்டிடும், ஃப்ளக்ஸ் ஏறக்குறைய இருந்த இடத்துலயே இருக்கும். ஃப்ளக்ஸ் மாறலன்னா அயர்ன் லாஸும் மாறாது. சப்ளை குடுத்திருக்கற வரைக்கும் அது ஓடிக்கிட்டே இருக்கும். நம்பிக்கை இல்லன்னா லேப் ட்ரான்ஸ்ஃபார்மரை லோடு இல்லாம ரெண்டு மணி நேரம் ஆன்ல விட்டுட்டு அந்த 100 ஹெர்ட்ஸ் முனகலை கேட்டுக்கிட்டே கோர் கிட்ட புறங்கையை கொண்டு போங்க, தொட வேண்டாம், கிட்ட போனாலே அனல் தெரியும்.

டெஸ்ட் பத்தியும் கொஞ்சம் சொல்லணும். உங்க கட்டுரையில ரீடிங் மட்டும் வானத்துல இருந்து விழுந்த மாதிரி குடுத்திருக்கீங்க, எதுக்கு ஓப்பன் டெஸ்டை எல்வி பக்கமும் ஷார்ட் டெஸ்டை ஹெச்வி பக்கமும் பண்றாங்கன்னு ஒரு வார்த்தை இல்ல. பெரிய ரகசியமெல்லாம் இல்ல, சௌகரியம்தான். ஓப்பன் டெஸ்டுக்கு ரேட்டட் வோல்டேஜ் முழுசா குடுக்கணும், 2500 வோல்ட்டுக்கு எங்க போறது, 250 கைக்கு எட்டற தூரத்துல இருக்கு. ஷார்ட் டெஸ்டுக்கு ரேட்டட் கரண்ட் ஓடணும், எல்வி பக்கம்னா 40 ஆம்பியரை 10 வோல்ட்ல ஓட்டணும், ஹெச்வி பக்கம்னா வெறும் 4 ஆம்பியர், 100 வோல்ட். ஆனா ஒண்ணு, ஓப்பன் டெஸ்ட் அப்ப திறந்து கிடக்கற ஹெச்வி டெர்மினல்ல 2500 வோல்ட் நிக்கும், மீட்டர் எதுவும் அந்த பக்கம் இல்லாததால பசங்க அதை செத்த பக்கம்னு நினைச்சுக்கறாங்க, இதை கட்டம் போட்டே அச்சடிக்கலாம் நீங்க.

ஓப்பன் டெஸ்ட்ல வாட்மீட்டர் காட்டறது முழுக்க அயர்ன் லாஸ்தான்னு எடுத்துக்கலாமா, அதுலயும் கொஞ்சம் காப்பர் லாஸ் இருக்காதான்னு நல்ல பசங்க கேட்பாங்க. இருக்கும். எல்வி வைண்டிங் ரெசிஸ்டன்ஸ் இந்த ட்ரான்ஸ்ஃபார்மர்ல சுமார் 0.056 ஓம் வரும், 0.8 ஆம்பியருக்கு அது 0.04 வாட்டை தாண்டாது, 80-க்கு முன்னாடி அது தூசு. அதே மாதிரி ஷார்ட் டெஸ்ட்ல குடுக்கறது 2500-ல 100, அதாவது 4 சதவீத வோல்டேஜ், ஃப்ளக்ஸும் அந்த அளவுக்குத்தான், அயர்ன் லாஸ் வோல்டேஜ் ஸ்கொயரை ஒட்டி விழறதால 0.13 வாட் பக்கம்தான் வரும். ஒவ்வொரு டெஸ்டும் ஒரு லாஸை மட்டும் தனியா பிரிச்சு காட்டற அந்த அழகு இருக்கே, எத்தனை வருஷம் பார்த்தும் எனக்கு சலிக்கல.

ஒரு சம்பவம் சொல்றேன். ஒரு பையன் இதே மாதிரி ட்ரான்ஸ்ஃபார்மருக்கு ஓப்பன் டெஸ்ட் பண்ணிட்டு அயர்ன் லாஸ் 400 வாட்னு எழுதிட்டு வந்தான். முள்ளு 40-ல நின்னது, மல்டிபிளையிங் ஃபேக்டர் 10 சார்னு அடிச்சு சொல்றான். ஃபேக்டர் எப்படி வந்துச்சுன்னு கேட்டா 300 வோல்ட் ரேஞ்சு, 2 ஆம்பியர் ரேஞ்சு, பெருக்கினா 600, மொத்தம் 60 டிவிஷன், அதனால 10. அது எல்பிஎஃப், அதாவது லோ பவர் ஃபேக்டர் வாட்மீட்டர், டயல்ல 0.2-ன்னு சின்னதா எழுதியிருக்கு, அதையும் பெருக்கணும், 10 இல்ல 2, ஆக 80 வாட். சரி, அது தெரியலன்னாலும் பரவாயில்ல, பக்கத்துலயே வோல்ட்மீட்டர் 250-ம் அம்மீட்டர் 0.8-ம் காட்டிக்கிட்டு இருக்கே, பெருக்கினா 200 விஏ, 200 விஏ-க்குள்ள 400 வாட் எப்படிடா போகும்னு கேட்டேன். பையன் மீட்டரை பார்த்தான், என்னை பார்த்தான், அழிரப்பரை எடுத்தான். அந்த 80-ஐ 200-ஆல வகுத்தா நோ லோடு பவர் ஃபேக்டர் 0.4, இவ்வளவு கம்மியா இருக்கறதாலதான் சாதா வாட்மீட்டர்ல முள்ளு சரியா அசையாது, எல்பிஎஃப் மீட்டர் தேவைப்படுது.

இன்னொரு கேள்வி உங்க வாசகர் யாராவது கண்டிப்பா கேட்பாங்க. எதுக்கு இந்த சுத்து வழி, நேரா இன்புட்ல ஒரு வாட்மீட்டர் அவுட்புட்ல ஒரு வாட்மீட்டர் வச்சு வகுத்துட்டா போச்சேன்னு. பண்ணி பார்த்தவங்களுக்கு தெரியும். இன்புட் 8260, அவுட்புட் 8000, ரெண்டு மீட்டரும் ஆளுக்கு 1 சதவீதம் தப்பு காட்டலாம்னு வைங்க, இந்த பக்கம் 83 வாட், அந்த பக்கம் 80 வாட், நாம தேடற லாஸ் 260-தான், அது 97-ன்னும் வரலாம் 423-ன்னும் வரலாம். ரெண்டு பெரிய நம்பரை கழிச்சு ஒரு சின்ன நம்பரை தேடினா இந்த கதிதான். மீட்டர் 2 சதவீதம் தப்புன்னா எஃபிஷியன்சி 100-ஐ தாண்டியே போயிடும், எங்க லேப்ல ஒரு பேட்ச் 100.8-ன்னு ரெக்கார்டுல எழுதி கையெழுத்துக்கு நீட்டினாங்க. லாஸை தனியா அளந்தா 260-ல 1 சதவீதம் தப்புன்னா 2.6 வாட், எஃபிஷியன்சில அது 0.03 சதவீதம்தான். பெரிய ட்ரான்ஸ்ஃபார்மரை முழு சூட்டுல ஓட்டி பார்க்கணும்னா ஒரே மாதிரி ரெண்டை முதுகோட முதுகு கட்டி விடற சம்ப்னர் டெஸ்ட் இருக்கு, அதுலயும் சப்ளைல இருந்து லாஸ் மட்டும்தான் இழுப்போம், லோடு பவர் ரெண்டுக்கும் நடுவுலயே சுத்திக்கிட்டு இருக்கும்.

கட்டுரையில விட்டுப்போன இன்னொண்ணு சூடு. ஷார்ட் டெஸ்டை ரெண்டு நிமிஷத்துல முடிச்சுடறோம், வைண்டிங் அறை வெப்பத்துலதான் இருக்கும், 30 டிகிரின்னு வைங்க. லோடுல ஓடும்போது அது அந்த மாதிரி இருக்காது, அதனால வழக்கமா 75 டிகிரிக்கு மாத்தி சொல்றாங்க. காப்பருக்கு 234.5-ங்கற நம்பரை 75-ஓடயும் 30-ஓடயும் கூட்டி, 309.5-ஐ 264.5-ஆல வகுத்தா 1.17, ஆக 180 வாட் 210 ஆயிடும். ஸ்ட்ரே லாஸை (கசியற ஃப்ளக்ஸால வர்ற கூடுதல் லாஸ்) தனியா பிரிக்காம சும்மா தோராயமா சொல்றேன், ஏன்னா சூட்டுல அது எதிர் பக்கமா குறையும். இந்த 30 வாட்டை சேர்த்தா ஃபுல் லோடு எஃபிஷியன்சி 96.85-ல இருந்து 96.5-க்கு வந்துடுது. நீங்க அரை லோடுல விட்ட தப்பை விட இது பெருசு சார். எந்த டிகிரில எடுத்த ரீடிங்னு போடாத கணக்கை நான் பாதி கணக்குன்னுதான் சொல்லுவேன்.

எந்த லோடுல எஃபிஷியன்சி உச்சத்துக்கு போகும்ங்கறதை சேர்த்திருந்தா கட்டுரை எங்கயோ போயிருக்கும். காப்பர் லாஸ் ஏறி அயர்ன் லாஸை தொடற இடம்தான் உச்சம். 80-ஐ 180-ஆல வகுத்து ஸ்கொயர் ரூட் எடுத்தா சரியா மூணுல ரெண்டு, அதாவது 6.67 கேவிஏ. அங்க காப்பரும் 80, அயர்னும் 80, எஃபிஷியன்சி 97.09. உங்க விடைப்படி இப்படி ஒரு உச்சமே இருக்க முடியாது, தட்டையா ஒரே கோடுதான். கிராஃப் போட்டு காட்டியிருந்தா தப்பு அச்சுக்கு போகறதுக்கு முன்னாடியே மாட்டியிருக்கும்.

உச்சம் எங்கன்னு தெரிஞ்சா மட்டும் போதாது, அந்த ட்ரான்ஸ்ஃபார்மர் நாள் பூரா என்ன பண்ணுதுன்னும் பார்க்கணும், அதுக்குத்தான் ஆல் டே எஃபிஷியன்சி. இதே ட்ரான்ஸ்ஃபார்மர் ஒரு நாள்ல 4 மணி நேரம் ஃபுல் லோடு, 6 மணி நேரம் அரை லோடு, மிச்சம் 14 மணி நேரம் சும்மா நிக்குதுன்னு வைங்க, பவர் ஃபேக்டர் அதே 0.8. வெளிய குடுத்தது 32-ம் 24-ம் 56 யூனிட். காப்பர்ல போனது 0.72-ம் 0.27-ம் சேர்ந்து 0.99 யூனிட். அயர்ன்ல போனது 80 வாட்டை 24-ஆல பெருக்கினா 1.92 யூனிட். ஃபுல் லோடுல காப்பர் லாஸ் அயர்னை விட ரெண்டே கால் மடங்கு பெருசு, ஆனா நாள் முடிவுல அயர்ன்தான் காப்பரை விட ஏறக்குறைய ரெட்டிப்பு தின்னிருக்கு. மொத்தமா எஃபிஷியன்சி 95.06. வருஷத்துக்கு அயர்ன் மட்டும் 700 யூனிட், ஒரே ஒரு 10 கேவிஏ பெட்டிக்கு. சிங்கிள் ஃபேஸ் ட்ரான்ஸ்ஃபார்மர் நிறைய இப்படி முக்கால்வாசி நேரம் லேசான லோடுலதான் நிக்குது, அதனாலதான் டிஸ்ட்ரிபியூஷனுக்கு டிசைன் பண்றவங்க அயர்ன் லாஸை முதல்ல நெருக்கி பிடிக்கறாங்க, ஆனா எந்நேரமும் ஃபுல் லோடு பக்கத்துல ஓடற மெஷினுக்கு வேற மாதிரி பங்கு போடறாங்க. லாஸ் பாதிக்கு பாதின்னு மனசுல பதிஞ்ச பையனுக்கு இந்த இடம் புரியவே புரியாது, நான் இவ்வளவு தூரம் எழுதறதுக்கு அதுதான் காரணம்.

அயர்ன் லாஸை நெருக்கறதுன்னா எப்படின்னு கேட்டா, அதுக்குள்ளயே ரெண்டு ஆளு இருக்காங்க. ஹிஸ்டெரிசிஸ் (இரும்போட காந்தத்தை திரும்பத் திரும்ப திசை மாத்தறதுல போறது) ஒண்ணு, எடி கரண்ட் (இரும்புக்குள்ளயே சுழல்ற கரண்ட்டால போறது) இன்னொண்ணு. ஹிஸ்டெரிசிஸுக்கு எஞ்சினியர் ஸ்டைன்மெட்ஸ் 1892-ல குடுத்த, உச்ச ஃப்ளக்ஸ் அடர்த்தியோட 1.6 பவருக்கு ஏறும்ங்கற அந்த விதியை இன்னிக்கும் பாடத்துல வச்சிருக்காங்க, ஃப்ரீக்வென்சியோட நேரா ஏறும். எடி கரண்ட் லாஸ் ஃப்ரீக்வென்சி ஸ்கொயரோட ஏறும், லேமினேஷன் கனத்தோட ஸ்கொயரோடயும் ஏறும், தகடை பாதி கனமாக்கினா அது கால் பங்காயிடும், அதனாலதான் கோரை கட்டி இரும்பா வைக்காம கால் மில்லிமீட்டர் பக்கத்துல தகடு தகடா அடுக்கறாங்க. ரெண்டையும் பிரிக்க ஒரு வழி இருக்கு, வோல்டேஜையும் ஃப்ரீக்வென்சியையும் ஒரே விகிதத்துல குறைச்சு ரெண்டு ரீடிங் எடுக்கணும். 250 வோல்ட் 50 ஹெர்ட்ஸ்ல 80 வாட், 125 வோல்ட் 25 ஹெர்ட்ஸ்ல 32.5 வாட் வந்துச்சுன்னு வைங்க. ஃப்ரீக்வென்சியால வகுத்தா 1.6, 1.3. ரெண்டுக்கும் வித்தியாசம் 0.3, அதை 25-ஆல வகுத்தா 0.012, அதுல இருந்து 50 ஹெர்ட்ஸ்ல எடி 30 வாட், ஹிஸ்டெரிசிஸ் 50 வாட். சிலிக்கான் கலந்த ஸ்டீலு, அப்புறம் சிஆர்ஜிஓ (குளிர்ல உருட்டி, துகள் எல்லாம் ஒரே திசையில நிக்கற ஸ்டீலு), இப்ப ஒரு மில்லிமீட்டர்ல நாப்பதுல ஒரு பங்கு கனத்துல வர்ற, படிக ஒழுங்கே இல்லாத அமார்ஃபஸ் ரிப்பன்னு எல்லாமே இந்த ரெண்டு பேரை குறைக்கத்தான் வந்துச்சு.

ரெகுலேஷனும் (லோடு ஏத்தினா வோல்டேஜ் எவ்வளவு விழுதுங்கற அளவு) இதே ஷார்ட் டெஸ்ட் ரீடிங்ல இருந்தே வந்துடும், இடம் இருந்தா சேர்த்துக்கோங்க. ரெசிஸ்டன்ஸ் 1.8 சதவீதம், ரியாக்டன்ஸ் 3.57 சதவீதம், 0.8 லேகிங்ல 3.58 சதவீதம், அதாவது 250 வோல்ட்ல 9 வோல்ட் விழும். அதே 0.8 லீடிங்னா (கரண்ட் முந்தி வர்றது) மைனஸ்ல போய் வோல்டேஜ் ஏறும், பசங்க அதை பார்த்து கணக்கு தப்புன்னு நினைச்சு அழிச்சுடுவாங்க, அழிக்க வேண்டாம்னு சொல்லி வைங்க.

அடுத்த வாரம் திருத்தம் போடும்போது சும்மா மூலையில 96.85-க்கு பதிலா 96.97-ன்னு படிக்கவும்னு ஒரு வரி போட்டு முடிச்சுடாதீங்க சார். அதை பார்த்துட்டு அச்சுப்பிழைன்னு நினைச்சு எல்லாரும் கடந்து போயிடுவாங்க. அந்த 45 எப்படி வந்துச்சு, அந்த 80 ஏன் பாதியாகலங்கற ரெண்டு வரியையும் சேர்த்து போடுங்க, முடிஞ்சா பத்துல ஒரு பங்கு லோடுக்கு விடை கேட்டு பசங்களையே போட சொல்லுங்க.

இப்படிக்கு,
ஒரு பழைய லேப் ஆசாமி

பி.கு.: தலைப்புல 10 கேவிஏன்னு போட்டுட்டு படத்துக்கு கீழ 10 கிலோவாட்னு போட்டிருக்கீங்க, அதையும் மாத்திடுங்க. அயர்ன் லாஸ் வோல்டேஜை பார்க்குது, காப்பர் லாஸ் கரண்ட்டை பார்க்குது, ரெண்டுமே பவர் ஃபேக்டரை திரும்பி கூட பார்க்கறதில்ல, அதனாலதான் நேம் பிளேட்ல கேவிஏன்னு பொறிக்கறாங்க.